கோமதி அக்காவும் நான் வெட்டாத படமும்

இணையத்தில் அகப்பக்கம் செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிவைப்போம். யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற தைரியம்தான். அந்தத் தைரியம் எனக்குச் சுங்கை ஊடாங்கில், தங்கையின் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் போயே போய்விட்டது.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளையின் அக்கா கோமதி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அவருக்குச் சிறு வயதிலிருந்தே பார்வை இல்லை. ஓர் அலுவலகத்தில் தொலைபேசிப் பிரிவில் வேலை.

"தம்பி, இதுவரைக்கும் எந்தப் பத்திரிகையும் நானா படிச்சதில்ல. யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்க. என் தம்பி கல்யாணப் பத்திரிகையையாவது நானே படிக்கணும்லா."

"கவலைய விடுங்கக்கா, நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். (வாய் மட்டும் எனக்கு மலாக்கா நீரிணை அகலம்.)

பத்திரிகைக்கு ஓர் அகப்பக்கம் செய்து, அதில் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே அடித்தேன். அப்போதுதான் அக்காவின் போன் அதை வாய்விட்டுப் படிக்கும். படங்களுக்குப் பின்னாலும், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மறைவான குறிப்பு வேண்டும். நிச்சயதார்த்தப் படங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. எது எது என்று அடையாளம் தெரிவதற்காக, முதலில் எனக்கான குறிப்பை அங்கே எழுதிவைத்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான். அந்த அப்புறம் வரவே இல்லை.

நல்ல நாள் பார்த்து, அச்சடித்த பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அம்மாவும் நானும் பாயா ரும்புட்டிலிருந்து தட்டோடு கிளம்பினோம். சம்பந்தி வீட்டுக் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அம்மா தட்டைக் கொடுத்தார். நான் கோமதி அக்காவின் போனுக்கு அகப்பக்கத்தை அனுப்பினேன். அக்கா விரலால் தடவத் தடவ, போன் செய்தி வாசிக்கும் குரலில் மணமக்கள் பெயர், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் படித்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அங்கேயே நின்றிருக்கலாம். விரல் இன்னும் கீழே போனது.

"படம். மாப்பிள்ளை. முன்வழுக்கை பளபளக்குது. வேற படம் தேடு."

"படம். மாப்பிள்ளையோட அப்பா. மீசை மை கன்னத்துல வழியுது. துடைச்சு விடு."

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. சம்பந்தி மாமா அவசரமாகக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினார். "அக்கா, போதும்க்கா!" என்று நான் பாய்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

"படம். கோமதி அக்கா. கேமராவைப் பார்க்கல. வெட்டிடு."

சிரிப்பு நின்றது. ஐயோ, பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அக்கா போனிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"ஆனா வெட்டலயே தம்பி. படம் இன்னும் இருக்கே. ஏன்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க உங்க தம்பி குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரிக்கிறீங்கக்கா. அத்தனை படத்துலயும் அந்தச் சிரிப்புதான் அழகு. வெட்ட மனசு வரல."

"அப்ப அதத்தானே எழுதணும்? எழுதுலா, இப்பவே."

அங்கேயே மாற்றினேன். 'கோமதி அக்கா. தம்பியின் பக்கம் திரும்பி, வாய் நிறையச் சிரிக்கிறார்.' அக்கா அதை மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை அழுதுவிட்டார். நானும்தான், இதில் என்ன வெட்கம்? பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா மீசைய மட்டும் மாத்தாத. இத்தன வருஷமா அவரு மை பூசுறாருன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல," என்றார்.

இன்று நான் செய்யும் எந்த அகப்பக்கமும் கோமதி அக்காவின் விரல் பட்ட பிறகுதான் வெளியே போகிறது. வீட்டில் எந்த விசேஷமானாலும், எல்லாரும் படத்துக்கு வரிசையாக நின்றதும் அக்கா சத்தமாகக் கேட்பார்: "என்ன தம்பி, வெட்டுறியா, வைக்கிறியா?"

கேமராக்காரர் எங்களைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. மாமா மட்டும் கன்னத்தை ஒருமுறை துடைத்துக்கொள்வார்.