இருபத்து நான்கு பூனைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். பயிற்சிக்குப் போன இடத்தில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே போன் பேச விடமாட்டார்கள் என்றாயே, அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாப்பா என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். இனி பயப்படாமல் படி.

இன்று எங்கள் பள்ளியில் ஊர்த் திருவிழாக் கொண்டாட்டம். என் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு மிருகமாக முகத்தில் வர்ணம் தீட்டி, தெருவைச் சுற்றி ஊர்வலம் கூட்டிப் போக வேண்டும் என்று தலைமையாசிரியை உத்தரவு. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது, முடியாது என்று சொல்ல வாய் வருமா? எனக்கு வரையத் தெரிந்தது பூனை ஒன்றுதான், நம் பாப்பாவோடு சேர்த்து இருபத்து நான்கு பேரையும் பூனையாக்கிவிட்டேன். ஒரே சீருடை, ஒரே காகிதத் தொப்பி, ஒரே மீசை. போதாக்குறைக்கு, "இன்னைக்கு யாரும் பேசக்கூடாது, மியாவ் மட்டும்தான்" என்று நானே சொல்லித் தொலைத்தேன். எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் வந்தார்கள். திரும்பி வந்து எண்ணினால் இருபத்து மூன்று! மறுபடி எண்ணினேன், அதே. பாப்பா என்று கூப்பிட்டேன், இருபத்து மூன்று பேரும் மியாவ். தொலைந்தது நம் பாப்பாதான் என்று தோன்றிவிட்டது, உன் முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆயாவைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தெருவெல்லாம் ஓடினேன், சாக்கடை மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். தையல்காரர், "என்ன சார் தொலைச்சீங்க?" என்றார். "பூனை" என்று உளறினேன். "அது தானா வந்துடும், போங்க" என்கிறார் மனுஷன்!

அழுதுகொண்டே திரும்பினால், வகுப்பில் மேஜைக்கு அடியில் ஒரு பூனை சுருண்டு தூங்குகிறது. போன உயிர் வந்தது. தூக்கித் தோளில் போட்டவன் இறக்கவே இல்லை. மற்றவர்களைப் பெற்றோர் வந்து கூட்டிப் போனார்கள். வீட்டில் சோறு ஊட்டினேன், ஒரு பருக்கை மிச்சமில்லை. சாப்பிடவே மாட்டாள் என்று நீதான் குறை சொல்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவைப் பற்றிய கவலையை என்னிடம் விட்டுவிடு.

உன் பாசமுள்ள,
தம்பி

பி.கு.: இப்போதுதான் ஈரத்துணியால் முகம் துடைத்தேன். இது நம் பாப்பா இல்லை. என் வகுப்பிலேயே படிக்கும் தபால்காரர் மகள். பதறிப்போய்க் கதவைத் திறந்தால், அவரே நம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார், அவரும் இப்போதுதான் அவள் முகத்தைக் கழுவிவிட்டாராம். பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை அக்கா. ஆனால் என்னைப் பார்த்ததும், "நீதானே மாமா பேசக்கூடாதுன்னு சொன்ன? அதான் இவர் தூக்கிட்டுப் போறப்ப மியாவ் மியாவ்னு எவ்வளவோ கத்தினேன். நீ திரும்பியே பாக்கல" என்று கேட்டுவிட்டாள். இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.