குலுக்கக் கூடாத கால்

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. ‘இங்கு நலம், அங்கு நலமா’ என்று தொடங்குவதுதான் முறை. முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் கேட்கிறேன்: நலமா? போனிலேயே பேசியிருப்பேன், ஆனால் உன் அண்ணி இரண்டடி தள்ளி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குத் தெரியக் கூடாது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் இதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் இதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் நீ வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தபோது, மேசையில் இருந்த யாருடைய ரத்த ட்யூபையோ எடுத்து இருமல் மருந்து மாதிரிக் குலுக்கினேனே, நினைவிருக்கிறதா? “ஐயோ அண்ணா, குலுக்காதீங்க!” என்று நீ போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு வந்த நோய் போயிருக்கும். பிறகு பொறுமையாகச் சொன்னாய். “ரத்த அணுக்களை அலைக்கழிச்சா அதோட மேல்தோல்லேருந்து துணுக்கு துணுக்கா உதிரும்ணா. கண்ணுக்கே தெரியாது. தட்டணு, சிவப்பணு, வெள்ளையணு எல்லாமே உதிர்க்கும். அந்தத் துணுக்கு மேல ஒட்டிக்கிட்டு ரத்தம் சீக்கிரமா உறைஞ்சிடும்.” முப்பத்தோரு வருடம் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவன் நான். பழைய குழாயில் வால்வை வேகமாகத் திறந்தால் துரு உதிர்ந்து ஏதாவது வளைவில் போய் அடைக்கும். ஆகவே நீ சொன்னது அப்படியே மனதில் பதிந்துவிட்டது.

திரும்பி வந்த மறுவாரம் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற முக்காலியில் ஏறி, விழுந்து, கணுக்காலுக்கு மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று டாக்டர் “நல்லா நடங்க” என்றார். எலும்பு டாக்டருக்கு ரத்தத்தின் குணம் எப்படித் தெரியும்? ஒவ்வொரு அடியும் ஒரு குலுக்கல் அல்லவா? பதினொரு நாளாக ஜன்னலோர நாற்காலியை விட்டு அசையவில்லை. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன். சிரிப்பு வரக் கூடாதென்று டிவியில் செய்தி மட்டும் பார்க்கிறேன். அதிலும் சிலசமயம் வந்துவிடுகிறது. உன் அண்ணி விடிந்ததும் ஆரம்பித்துவிடுகிறாள்: “என்னங்க, கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க? எழுந்து நாலு நடை நடந்தாதான் என்ன?” கால் வலி என்று சமாளித்து வந்தேன். இப்போது சமாளிக்கவே வேண்டாம், உண்மையிலேயே வலிக்கிறது. நேற்றிலிருந்து ஆடுசதை வீங்கி, தொட்டால் சுடுகிறது. இவ்வளவு அசையாமல் இருந்துமா? அப்படியானால் எனக்குத் தெரியாமல் இன்னும் எங்கோ அசைகிறேன். மூச்சு விடுவதாக இருக்குமோ? காலில் உறைந்தது கிளம்பி நுரையீரலுக்குப் போகுமாமே. அதை நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது. படபடப்பில் ரத்தம் குலுங்குமே என்று இன்னும் பயம் வருகிறது.

ட்யூபை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தலாம், எட்டு முறை, என்றும் அன்று சொன்ன ஞாபகம். அதை ஆளுக்கு எப்படிச் செய்வது? தலைப்பக்கம் பிடிக்கத் தையல்காரர் தயார். கால்பக்கத்துக்கு ஆள் தேடுகிறோம். உடனே பதில் போடு.

உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். கையைத் தூக்க முடியாத நிலைமை. மனதாலேயே எடுத்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
அசையாத அண்ணன்

பி.கு.: கடிதம் தபாலுக்குப் போகவில்லை. கால்பக்கம் பிடிக்க ஆள் வேண்டுமென்று தையல்காரர் உன் அண்ணியிடமே போய்க் கேட்டிருக்கிறார். அவள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்து, உனக்குப் போன் போட்டு, என் காதில் வைத்தாள். “அது ட்யூப்புணா, நீங்க ஆளு! அசையாம கிடந்தாதான் கால்ல உறையும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க!” என்று நீ அழுதுகொண்டே கத்தினாய். ஸ்கேனில் ஆடுசதையில் உறைகட்டி தெரிந்தது. இன்னும் அங்கிருந்து கிளம்பவில்லையாம். ஊசி போட்டு, நடக்கவும் சொல்லிவிட்டார்கள். தேங்கிய குழாயில்தான் அடைப்பு வரும் என்பது எனக்குத் தெரியாததா? என் கால் என்றதும் மறந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே, நடுநடுவே சுவரில் காகிதத்தை வைத்து இதை எழுதுகிறேன். நீ பஸ் ஏறிவிட்டாயாம். வந்ததும் கையில் தருகிறேன். மேலே எழுதியது எல்லாம் தப்பு, அடித்துவிடு. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்ற வரியை மட்டும் விட்டுவை. நீ உள்ளே வரும்போது நான் சிரித்துக்கொண்டுதான் நடப்பேன். அதை நம்பாதே.