பிள்ளை தூங்குது

என் மகள் எங்கள் வீட்டுக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, அவளைச் சாக்காக வைத்து நான் பாதித் தெருவோடு சண்டை போட்டு முடித்திருந்தேன். பிள்ளையின் பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. சண்டைக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

நாங்கள் இருப்பது மந்தைவெளியில், வாடகைக்கு, முதல் மாடி. ஆனால் தத்தெடுக்க மனு போட்டபோது எங்களை வெளிநாட்டுப் பிரிவில் தள்ளிவிட்டார்கள். நர்ஸ் வேலைக்குப் போன இடத்தில் நான் வாங்கிய கனடா பாஸ்போர்ட்தான் காரணம். (கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசும் வெளிநாட்டுக்காரி இந்தப் பக்கம் நான் ஒருத்திதான்.) இரண்டு நாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாடு போட்ட கையெழுத்தை இன்னொரு நாடு சந்தேகப்படும். காத்திருந்து காத்திருந்து எனக்குக் கண்டவர் மேலெல்லாம் எரிச்சல் வந்தது.

என் கணவர் செல்வினுக்குக் கோபமே வராது. அவருக்கு விசுவாசம்தான் வரும். சபையில் பாஸ்டரம்மா ஒருநாள் அவரிடம், "ஜெபத்துல கேட்டாச்சுல்ல தம்பி? இனி கிடைச்சாச்சுன்னே நம்பி நடந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மனிதர் தி.நகர் போய்க் குட்டிக் கட்டில் வாங்கினார். வயது தெரியாததால் மூன்று சைஸில் சட்டை வாங்கினார். புதுத்துணி பிள்ளைக்குக் குத்தும் என்று துவைத்து பால்கனியில் காயப்போட்டார். தூசி படிந்ததும் மறுபடி துவைத்தார். வாசலில் சின்னச் செருப்பு. ஒரு ராத்திரி சாப்பாட்டு ஜெபத்தில் "எங்கள் மூவருக்கும்" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தால் மேஜையில் மூன்றாவது தட்டு.

"பைத்தியமா உங்களுக்கு?"

"விசுவாசம்மா."

"தட்டு கழுவறது யாரு?"

இப்படிக் கேலி செய்துகொண்டிருந்தவள்தான் நான். மேல்வீட்டில் தரையை உடைத்து மாற்றும் வேலை ஆரம்பிக்கும் வரைக்கும்.

டைல்ஸ் அறுக்கும் மிஷின் சத்தத்தை மத்தியானத்தில் கேட்டிருக்கிறீர்களா? பல் ஆஸ்பத்திரியைத் தலைக்குமேல் கட்டின மாதிரி இருக்கும். கத்துவதற்கு பால்கனிக்கு ஓடினேன். கொடியில் கிடந்த சின்னச் சட்டை முகத்தில் இடித்தது. வாயில் தானாக வந்துவிட்டது:

"யோவ்! பிள்ளை தூங்குது, நிறுத்துய்யா!"

மேலிருந்து மேஸ்திரி ஏழுமலை எட்டிப் பார்த்தார். சட்டைகளையும் பார்த்தார். "சாரிக்கா, புள்ள கீதுன்னு தெரியாது" என்றார். மிஷின் நின்றது.

சபையில் சிலர் விசுவாசத்தால் நோய் தீர்ந்ததாகச் சாட்சி சொல்வார்கள். என் விசுவாசத்தால் டைல்ஸ் மிஷின் நின்றது. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. ஹாரன் அடித்த தண்ணி லாரிக்காரரிடம், "பிள்ளை தூங்குது." மேளத்தோடு வசூலுக்கு வந்தவர்களிடம், "பிள்ளை தூங்குது." கீழ்வீட்டு மாமி பேச்சுக்குப் பிடித்துக்கொண்டால், "பிள்ளைக்கு வயிறு சரியில்ல மாமி, வரேன்." மாமிக்கு முட்டி வலி, மாடி ஏறமாட்டார் என்கிற தைரியம். சாயங்காலமே ஓம வாட்டர் கொடுத்தனுப்பினார். நானே குடித்தேன்.

ஒருவழியாக, வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத ஒரு மேடம் வரும் நாள் வந்தது. அவர் சரி என்றால்தான் பிள்ளை. இல்லையென்றால் கடைசிவரை அந்த மூன்றாவது தட்டைச் சும்மா கழுவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் பருத்திப் புடவை கட்டி, மென்மையாகப் பேசுவதற்குக் காலையிலிருந்து பழகினேன்.

மேடம் வந்து உட்கார்ந்தார். தண்ணீரைத் தொடவில்லை.

"வீட்ல உங்க ரெண்டு பேரைத் தவிர யார் இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க மேடம்" என்றேன், தேன் ஒழுக.

"கீழ மாமி ஒரு குழந்தை இருக்குன்னாங்களே. 'எப்பப் பாரு தூங்கிண்டே இருக்கு, வயிறு வேற சரியில்ல, வெளியிலயே விடமாட்டா, பாவம்'னு சொன்னாங்க."

செல்வின் என்னைப் பார்த்தார். பகலில் ஆபீசில் இருக்கும் மனிதருக்கு என் மத்தியானச் சண்டைகள் எப்படித் தெரியும்? நான் வாயைத் திறப்பதற்குள் மேலே மிஷின் ஓட ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கால்தான் ஓடியது, நான் ஓடவில்லை.

"யோவ் ஏழுமலை! பிள்ளை தூங்குதுன்னு எத்தன தடவதான்யா சொல்றது!"

மிஷின் நின்றது. எனக்கும் எல்லாம் நின்றுபோனது.

மேடம் எழுந்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பீரோவைத் திறக்கச் சொன்னார். குளியலறைக் கதவைத் தள்ளினார். பால்கனிக் கொடியைப் பார்த்துவிட்டு, "இது மொத்தம் எத்தனை குழந்தைங்களோட துணி?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை இறங்கி வந்தார். கையில் கிலுகிலுப்பை. "கோச்சிக்காதக்கா, புதுசா வந்தவன் தெரியாம போட்டுட்டான். இந்தா, பாப்பாவுக்கு வாங்கினேன்."

செல்வினுக்குப் பொய் வராது. "பாப்பா இன்னும் வரலைங்க" என்றார்.

"வரலியா? அப்ப இத்தினி நாளா இன்னா தூங்கினு இருந்துச்சு?"

நீட்டிய கிலுகிலுப்பையை ஏழுமலை பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மத்தியானம் பூரா மிஷினைப் போடாம, இருட்டற வரைக்கும் குந்திகினு வேல செய்யறோம். ஓனர் கன்னாபின்னான்னு திட்றாரு. எல்லாம் இல்லாத புள்ளைக்கா? நல்லா கீதுக்கா உன் நாயம்!"

செல்வின் தொடங்கினார்: "மேடம், நாங்க விசுவாசத்துல..."

"விசுவாசத்துல வயித்துப்போக்கு வருமா சார்?"

பழகி வைத்த மென்மையெல்லாம் அங்கேயே போனது. "பொய்தான் மேடம். நான் சொன்னதுதான், இவருக்குத் தெரியாது. எழுதிக்குங்க. ஆனா இல்லாத பிள்ளை தூக்கத்துக்கே இந்தத் தெருவோட மல்லுக்கட்டியிருக்கேன். இருக்கற பிள்ளைய எவனாவது எழுப்பட்டும், பாக்கறேன்." சொல்லும்போதே குரல் உடைந்தது. (டைல்ஸ் தூசி.)

ஏழுமலை கிலுகிலுப்பையோடு படிவரை போனார். திரும்பி வந்து அதைக் குட்டிக் கட்டிலில் வைத்தார். "புள்ள இன்னா பண்ணும்? வந்தா குடு. இது உனக்கில்ல" என்றார்.

மேடம் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாம் முறையும் வந்தார். மாமியைத் துருவினார், ஏழுமலையைத் துருவினார். கடைசியில் சரி என்று எழுதினார். அந்த அறிக்கையில் ஒரு வரியை செல்வின் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்: 'சுற்றுப்புறம் மிகவும் அமைதியானது.'

எங்கள் ரூபி நாலு வயதில் வந்தாள். மத்தியானத்தில் ஒருநாள்கூடத் தூங்கியதில்லை. அவள் போட்ட ஆட்டத்தில் கீழே தன் வீட்டுக் கூரை அதிர்ந்து, முட்டி வலியோடு மாடி ஏறி வந்த மாமி, "இதுவாடி எப்பவும் தூங்கிண்டே இருந்தது?" என்றார். ஏழுமலை இன்றும் தெருவில் என்னைக் கண்டால், "பாப்பா எழுந்துடுச்சாக்கா?" என்பார்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் செல்வினிடம் குரலை உயர்த்தினால் போதும், ரூபி இடுப்பில் கை வைத்து, கண்ணை அகல விரித்து வந்து நிற்கிறாள்.

"யோவ்! பிள்ளை தூங்குது!"

நிறுத்திவிடுகிறேன். டைல்ஸ் மிஷினையே நிறுத்தின வார்த்தை, நான் எம்மாத்திரம்?