மடிக்கணினித் திறப்பு விழா

தமிழன் பாலங்களைத் திறந்திருக்கிறான், பள்ளிகளைத் திறந்திருக்கிறான், பரோட்டாக் கடைகளைத் திறந்திருக்கிறான். ஆனால் ஒரு மடிக்கணினியின் அடித்தகட்டைக் கழற்றித் திறப்பதற்கு ரிப்பன் கட்டி, குத்துவிளக்கேற்றி, 'திறப்பு விழா' நடத்திய பெருமை உலகிலேயே எங்கள் ஊர் லாயாங் லாயாங்கின் செந்தமிழ் மேன்மைச் சங்கத்துக்கு மட்டும்தான் உண்டு. அதன் செயற்குழுவில் நான் ஓர் உறுப்பினன். கூட்டங்களில் நான் பேசுவதில்லை. என் மௌனம் தலைவருக்கு ஆதரவாகப் பதிவாகிவிடும் என்பதால், பேச வேண்டிய அவசியம் நேர்ந்ததுமில்லை.

அந்த மடிக்கணினி 'இளைஞர் மேம்பாட்டு'க்காக வாங்கப்பட்டது. கடையில் இருந்தவற்றிலேயே ஒல்லியானதாகப் பார்த்து வாங்கினார் தலைவர் காளியப்பன். எங்கள் ஆண்டறிக்கையைவிட அது மெல்லியது. ஆண்டறிக்கையைவிட அதில் கொஞ்சம் விஷயமும் இருந்தது. ஒரே குறை, வேலை செய்யவில்லை. ஒரு சாளரத்தைத் திறந்தால் யோசிக்கும். இரண்டாவதைத் திறந்தால் உறைந்துவிடும். மூன்றாவதைத் திறந்தவர் எவருமில்லை.

இதை ஒரு குறையாகக் கருதியவள் லோஷினி மட்டும்தான். இயந்திர வரைபடம் படித்த பெண். செனாயில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு இணையத்தில் நேர்காணல். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இயந்திரப் பாகத்தை வரைந்து காட்ட வேண்டும். கைப்பேசியில் அது நடக்காது. அவள் வீட்டில் கணினி கிடையாது. ஆகவே, 'இளைஞர் மேம்பாடு' என்ற சொல்லை நம்பி எங்கள் செயற்குழுக் கூட்டத்துக்கு வந்தாள்.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. கூட்டத்தில் ஆங்கிலச் சொல்லைச் சொன்னவர், அதற்கான தமிழ்ச்சொல்லைக் கண்டுபிடிக்கும்வரை எழுந்து நிற்க வேண்டும். செயலாளர் ரூபேந்திரன் 'சார்ஜர்' என்று சொல்லிவிட்டு ஒரு பொதுக்கூட்டம் முழுவதும் நின்றிருக்கிறார்.

"அங்கிள், லேப்டாப்ல ரேம் பத்தல" என்றாள் லோஷினி.

"மூணு தப்பு. நில்லும்மா" என்றார் தலைவர்.

லோஷினி எழுந்து நின்றாள். "சரிங்க ஐயா. மடிக்கணினி..." கைப்பேசியைத் தடவித் தேடினாள். "ஆங், நினைவகம்! நம்ம நினைவகம் ரொம்பச் சின்னதா இருக்குங்க ஐயா. அதப் பெருசாக்கினாதான் எங்கள மாதிரி புள்ளைங்களுக்கு எதிர்காலம்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண்டபத்தின் மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. சங்கத்தை நிறுவிய அவருடைய தகப்பனாரின் குடை, செருப்பு, பல்செட் ஆகியவை அதனுள் கொலுவிருக்கின்றன. மேலே 'நிறுவனர் நினைவகம்' என்று எழுதியிருக்கும்.

"இத்தன வருஷமா என் மனசுல கிடந்தது. நானே எப்படி என் வாயால சொல்றதுன்னு இருந்தேன். இந்தப் புள்ள சொல்லிருச்சு லா" என்றார்.

"'லா' மலாய்ச் சொல், தலைவரே" என்றார் ரூபேந்திரன்.

"மலாய் பரவால்ல. விதியில ஆங்கிலம்னுதான் இருக்கு."

'நினைவக விரிவாக்கத் தீர்மானம்' ஏகமனதாக நிறைவேறியது. லோஷினி மகிழ்ந்துபோய் "தேங்க்ஸ் ஐயா" என்றாள். மறுபடியும் நின்றாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் வந்தபோது அலமாரி இரண்டு மடங்காக வளர்ந்திருந்தது. பல்செட்டுக்குத் தனித்தட்டு, தனி விளக்கு.

"ரேம் எங்க ஐயா?"

"இதோ!" என்று பல்செட்டைக் காட்டினார் தலைவர்.

"அலமாக்! நான் சொன்னது இதுக்குள்ள இருக்கற நினைவகம்!" மடிக்கணினியைத் தட்டிக் காட்டினாள். "மூணு மணிக்கு இண்டர்வியூ. இத வச்சிக்கிட்டு எப்படி வரையறது? பாதியில ஹேங் ஆயிரும்!"

தலைவர் சிறிதும் கலங்கவில்லை. பெரிய மனிதர்கள் தவறைத் திருத்துவதில்லை. அதற்கு ஒரு விழா எடுத்துவிடுகிறார்கள். அலமாரிக்குக் கட்டியதில் ரிப்பன் மீதமிருந்தது. அதற்கு ஏற்றிய குத்துவிளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. திறப்பு விழா தொடங்கியது. விழாவும் கூட்டமே ஆகையால் விதி அமலுக்கு வந்தது.

தலைவர் ரிப்பனை வெட்டினார். ரூபேந்திரன் திருகாணிகளைக் கழற்றி, டோல் கட்டும் அட்டையை இடுக்கில் விட்டு நெம்பினார்.

"மெதுவாண்ணே, உடைஞ்சி ரோசாக் ஆயிரப் போவுது!" என்று பதறினாள் லோஷினி.

அடித்தகடு 'டப்' என்று உடையாமல் கழன்றது. கைதட்டினோம். உள்ளே ஒரு கறுப்பு மின்கலம், ஒரு குட்டி விசிறி, ஒரு பச்சைப் பலகை. லோஷினி கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். அவள் முகம் வாடியது.

"நினைவகத்தச் செருகற இடமே இல்ல. பலகையோட சேத்துப் பத்த வச்சிட்டான். இருக்கறதக் கழட்டவும் முடியாது, புதுசா போடவும் முடியாது. ஒல்லியா செய்யணும்னு இப்படி."

தலைவரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! முக்கியமானவங்கள யாரும் கழட்ட முடியாத மாதிரி வச்சிருக்கான். இவனுக்குத்தான்யா நிர்வாகம்னா என்னான்னு தெரியும்!" சட்டையில் குத்தியிருந்த 'நிரந்தரத் தலைவர்' அட்டையை ஒருமுறை நேராக்கிக்கொண்டார்.

"மாத்தற மாதிரி எதுவுமே இல்லியா?" என்றார் ரூபேந்திரன்.

"சேமிப்பகம் மட்டும் மாத்தலாம். ஒத்தத் திருகாணிதான். ஆனா குளுவாங் போயி வாங்கணும். இன்னிக்கு எங்க நேரம்?"

தகட்டை மூடி, கணினியை உயிர்ப்பித்து, சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தாள். நிரம்பி வழிந்தது.

"ஐயா, பூரா உங்க படம்! பொன்னாட வாங்கறீங்க, பொன்னாட போத்தறீங்க, போத்தினவர யாருன்னு கேக்கறீங்க... காணொளி வேற. அதான் மூச்சு முட்டுது. இத டிலீட் பண்ணாலே ஓரளவுக்கு ஓடும்."

"நில்லும்மா. தமிழ்ல சொல்லு."

லோஷினி நின்றாள். "அழிக்கணும்."

"அழிக்கறதா? என்னியா?"

இதன்பின் நடந்ததுதான் எங்கள் சங்க வரலாற்றின் மிக உயர்ந்த மொழியாராய்ச்சி. 'அழித்தல்' அமங்கலம் என்று தள்ளப்பட்டது. 'நீக்கம்' கணக்குக் கேட்ட உறுப்பினர்களுக்கு மட்டும் உரிய சொல். 'களைதல்' என்றால் தலைவர் களையா என்று ஒருவர் கேட்டார். 'ஓய்வளித்தல்' என்றார் ரூபேந்திரன், நல்ல எண்ணத்தோடு. 'ஓய்வு' என்ற சொல்லைக் கேட்டதும் தலைவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டார். வாக்கெடுப்பு நடத்தலாமா என்பது பற்றி வாக்கெடுப்பு நடந்தது.

"ஐயா, மணி மூணாகப் போவுது" என்றாள் லோஷினி.

"மொழி முக்கியம்மா" என்றார் தலைவர்.

அவள் விதிப்படி நின்றுகொண்டே இருந்தாள். நின்றபடியே ஒரு பொத்தானை அழுத்தினாள். எந்தச் சொல்லையும் பயன்படுத்தவில்லை.

மடிக்கணினி பெருமூச்சு விட்டது. விசிறி சுழன்றது. ஒரு சாளரம் திறந்தது, இரண்டாவது திறந்தது, மூன்றாவதும் திறந்தது. அதில் இரண்டு பேர் தோன்றி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்கள். விதிப்படி அவர்களும் எழுந்து நின்றிருக்க வேண்டும். நல்லவேளையாகச் செனாயில் இருந்தார்கள். லோஷினி உட்கார்ந்து, பேசிக்கொண்டே வரைந்து முடித்தாள். இப்போது அங்கேதான் வேலை செய்கிறாள்.

'வரலாற்றுச் சிதைவு' குறித்து விசாரிக்கத் தலைவர், தம் தலைமையில் ஒரு குழு அமைத்திருக்கிறார். அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு. மண்டபத்தின் உடைமைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, மிகுந்த பணிவுடன் எழுதியிருக்கிறேன்: சங்கத்தின் சொத்துகளில் இன்று வேலை செய்வது அந்த மடிக்கணினி ஒன்றுதான். தலைவர் இல்லாததும் அது ஒன்றில்தான்.