இடைவேளையின் இரண்டாம் பாதி

சேலத்துக் கொட்டகைகளில் ஓடிய படங்கள் அத்தனையையும் பார்த்தவன் அவன். அவற்றுள் ஒன்றின் முடிவைக்கூட அறியாதவனும் அவனே. இந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாட உலகில் இன்னொருவர் இருப்பாரானால் அவர் மேடையேறலாம். எதிர்த்து வாதிட நான் ஆயத்தம்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரி விடுதியில் அவனுக்கு 'இடைவேளை' என்று பெயர். மேச்சேரி ஆட்டு வியாபாரி ஒருவரின் மகன். சமையல்காரர் முதல் விடுதி நாய் வரை அனைவருக்கும் 'ங்க' போட்டுப் பேசும் பணிவாளன். படத்துக்குப் போனால் முதல் ஆளாய் அமர்வான். இடைவேளை விளக்கு எரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறிவிடுவான். வாயிற்காவலர் முதலில், "தம்பி, இன்னும் பாதிப் படம் இருக்குதுங்க" என்று தடுத்துப் பார்த்தார். பிறகு பழகிப்போய், "போய்ட்டு வாங்க" என்று வழியனுப்பலானார்.

மீதிக் கதையை அறைக்கு வந்து அவனே புனைவான். அவன் கதைகளில் எவரும் சாவதில்லை. வில்லன்கூட நாமக்கல்லில் லாரி வாங்கித் திருந்திவிடுவான். முழுப் படமும் பார்த்துக் கண்ணீரோடு திரும்பிய நாங்கள், அதைக் கேட்ட பிறகே நிம்மதியாக உறங்குவோம்.

கல்லூரியின் மேடைப் பேச்சாளனான என் சொற்பொழிவுக்கும் அதே கதிதான். பேராசிரியர்கள் மெய்ம்மறந்து கேட்ட உரையின் நட்டநடுவில் அவன் எழுந்து போனான். காரணம் கேட்டேன்.

"நல்லாத்தானுங்க போயிட்டிருந்துச்சு. அப்படியே இருக்கட்டும்னு வந்துட்டேன்."

மேடையேறிய நாள்தொட்டு என்னை எவரும் அவ்வளவு நயமாக அவமதித்ததில்லை.

இறுதியாண்டில் ஒரு படம் வந்தது. கல்லூரித் தோழர் நால்வரின் கதை. முற்பாதி முழுக்க விடுதி, பாட்டு, கேலி, காதல். இடைவேளைக்குச் சற்று முன் பட்டம் பெற்று ஆளுக்கொரு ரயில் ஏறுவார்கள். பிற்பாதியில் பிழைப்பு, குடும்பம், பிரிவு. அந்த முற்பாதியை அவன் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பார்த்தான். முடிவைச் சொல்ல நாங்கள் வாய் திறந்தால் இரு காதுகளையும் பொத்திக்கொள்வான்.

"ரயில் ஏறற வரைக்கும் எல்லாரும் நல்லா இருக்கறாங்க. நாம எந்திரிச்சு வந்துட்டம்னா அவிங்க அப்படியே இருந்துக்குவாங்க" என்றான்.



நாங்களும் பட்டம் பெற்றோம், பிரிந்தோம். அவ்வாண்டே அவனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மேச்சேரிப் பந்தலுக்குள் நான் நுழைந்ததும் அவன் தந்தை என் கையைப் பற்றினார்.

"சாமி, நீங்க பேச்சுக்காரருங்களாமா. இவன் எதுலயும் பாதியில எந்திரிச்சுப் போற பயலுங்க. தாலி கட்டற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. ஓடிப் போனான்னா பேசியே கூட்டியாந்துருங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால என்ற மானம் உங்க கையிலதான்."

பொறுப்பை ஏற்றேன். மணமேடையருகே நின்றபடி, 'கடமை' எனத் தொடங்கும் உரையொன்றை மனத்துக்குள் செதுக்கினேன். செதுக்கி முடித்து நிமிர்ந்தால், மேடையில் மணப்பெண் மட்டும் இருந்தாள்! சடங்குகள் சரிபாதி முடிந்திருந்தன. நாதசுரம் நின்றது. விலை பேசி முடித்த ஆட்டைப் பார்ப்பதுபோல் அவன் தந்தை என்னைப் பார்த்தார்.

ஓடினேன். பேருந்து நிற்குமிடத்தில், சோடாக் கடை வாசலில், பட்டு வேட்டியும் மாலையுமாக அவன் நின்றிருந்தான். அருகிலேயே சேலம் பேருந்து புறப்பட உறுமிக்கொண்டிருந்தது.

"நண்பா! கடமை உன்னை அழைக்கிறது, காலம் உன்னைக் கவனிக்கிறது, நீயோ..."

"கொஞ்சம் இருங்க, சோடா உடைக்கட்டும்."

கோலி உள்ளே விழுந்தது. என் உரையும் அதனோடு விழுந்தது.

"அந்தப் புள்ள வெடியக்காலத்துல இருந்து பச்சத்தண்ணி குடிக்கலீங்க. கண்ணு சொருகுது. யாருகிட்டச் சொன்னாலும், தாலி ஏறட்டும் ஏறட்டும்ங்கறாங்க. அதான் வந்தேன்."

"அப்படியானால் நீ ஓடவில்லையா?"

"எதுக்குங்க ஓடறது? பொண்ணு பாக்கப் போனப்ப அது கேட்டுச்சு, 'அந்தக் காலேஜுப் படத்தை முழுசாப் பாத்தீங்களா'ன்னு. இல்லீன்னேன். முடிவை அதே சொல்லிப்போட்டுச்சு. நடுவுல அழுகை இருக்குதாமுங்க. ஆனா கடைசியில நாலு பேரும் அதே ஸ்டேஷன்ல மறுபடியும் சந்திச்சு, பழையபடி ஒருத்தனை ஒருத்தன் கேலி பேசிக்கறாங்களாம். ஏனுங்க, இத நீங்க ஒருத்தருமே எங்கிட்டச் சொல்லலியே?"

காதைப் பொத்திக்கொண்டவன் கேட்கிறான்!

பேருந்து அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டது. கையில் சோடாவோடு அவன் பந்தலுக்குள் நுழைந்ததும் நாதசுரம் மீண்டும் முழங்கியது. மணப்பெண் இரண்டு மிடறு குடித்தாள், தாலி ஏறியது. பந்தல் முழுவதும் மூச்சு விட்டது. "பேச்சுன்னா இவிங்க பேச்சுதானுங்க பேச்சு!" என்று அவன் தந்தை ஊரைக் கூட்டி என்னைப் புகழ்ந்தார். புகழை மறுப்பது மேடை மரபன்று.

வெற்றிக் களைப்போடு பையை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பக் கிளம்பினேன். பின்னாலிருந்து ஒரு கை என் துண்டைப் பற்றி இழுத்தது. மாலையும் கழுத்துமாக அவன்தான்.

"ஏனுங்க, பாதியிலேயே எந்திரிச்சுப் போறீங்க? இன்னும் பந்தி இருக்குது, உக்காருங்க."

உட்கார்ந்தேன். இலை எடுத்த பிறகும், பந்தல் பிரித்த பிறகும், அவனை விட்டு எழ எனக்கு மனம் வரவில்லை.