வீடியோ அண்ணையும் கூடைப்பந்து வைபவமும்

தென் லண்டனில் வீடியோ அண்ணையின் கமராவில் விழாத தமிழர் யாராவது இருந்தால், அவர் இன்னும் ஹீத்ரோவில் வந்து இறங்கவில்லை என்று பொருள். மிச்சம் என்கிற பகுதியில், ட்ராமுக்குப் போகும் வழியில், ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேலே அவருடைய ஸ்டூடியோ. கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவர்தான். சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டுமே தெரியும்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. விழாவுக்கு வந்த ஒவ்வொருவரும் படத்தில் குறைந்தது மூன்று விநாடி இருந்தாக வேண்டும். நோர்பரியில் ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா விட்டுப்போனதில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. அன்று பிறந்த சட்டம் இது. அதற்காக அவர் எதையும் பலி கொடுப்பார். இன்னொரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் சமையற்கட்டில் நின்றிருக்கிறார். பெண்ணின் தகப்பன் சட்டையைப் பிடித்தபோதும் அண்ணை அசையவில்லை.

"தாலி கட்டினதை முந்நூறு பேர் பாத்தவை. சாம்பார் ஊத்தினவரை ஆர் பாத்தது?"

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகளின் எதிர்காலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மகள் ஆரணியின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அதில் என் குற்றம் பாதிக்கு மேல். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவள் கூடைப்பந்து ஆடுகிறாள். உயரம் போதாது என்று இங்கே இரண்டு அகாடமிகள் திருப்பி அனுப்பியும் விடவில்லை. அமெரிக்காவில் ஜூனியர் காலேஜ் என்று இரண்டு வருடக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே ஓர் அணியில் இடம் கிடைத்து நன்றாக ஆடினால், அடுத்து பெரிய பல்கலைக்கழகத்துக்குத் தாவலாம். ஊர் பேர் தெரியாத பயிற்சியாளர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதினாள். ஒரே ஒரு பெண்மணிதான் பதில் போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று நிமிட வீடியோ வேண்டும். நல்ல ஆட்டங்கள் மட்டும். பாட்டு வேண்டாம்.

வெஸ்ட் ஈலிங்கிலிருந்து வந்திருந்த என் அக்கா இதைக் கேட்டுச் சிரித்தார்.

"தம்பி, பேசாமல் ஃபார்மசி படிக்க விடன். இந்தக் கட்டைக்கு ஆர் பந்து குடுக்கப் போகினம்?"

"குடுக்காட்டி நான் பறிப்பன், மாமி," என்றாள் ஆரணி.

முதலில் நானே ஒரு போட்டியைப் படம்பிடித்தேன். விளையாட்டு மண்டபத்தின் கூரையும் என் கட்டைவிரலும் மிகத் துல்லியமாக வந்திருந்தன. வேறு வழியில்லாமல் புதன்கிழமைப் போட்டிக்கு அண்ணையைக் கூப்பிட்டேன்.

கோட்டுப் போட்டு, மணவறை விளக்கோடு வந்தார். ஆரணி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவர, அவளுக்கு முன்னால் கமராவோடு பின்பக்கமாக நடந்தார். நடுவர் விசில் ஊதினார்.

"சேர், யூ ஆர் ஆன் த கோர்ட்!"

"தம்பி, இவருக்குச் சொல்லும். மணவறைக்குப் பிள்ளை வரேக்கை நான் இப்பிடித்தான் எடுக்கிறனான்."

"அண்ணை, இது மணவறை இல்லை."

"சனம் இருக்கு, பிள்ளை இருக்கு. மேளம்தான் இல்லை. அதை நான் பிறகு போடுறன்."

போட்டார். வியாழன் மாலை படம் வந்தது. நாற்பத்தேழு நிமிடம். நாதஸ்வரம் முழங்க ஒரு தாமரை விரிந்தது. உள்ளேயிருந்து ஆரணி பந்தோடு சுழன்றுகொண்டே எழுந்தாள். 'செல்வி ஆரணியின் கூடைப்பந்து வைபவம்' என்று தங்க எழுத்து. பிறகு இரண்டு அணிப் பிள்ளைகள், பெற்றோர், நடுவர், தரை துடைக்க வந்தவர் என்று ஆளுக்கு மூன்று விநாடிக்குக் குறையாமல் வந்தார்கள். நாமே வெட்டி எடுக்கலாம் என்றால், ஆரணி கூடையில் போட்ட பந்து ஒன்றுகூடப் படத்தில் இல்லை. பந்து விழுந்த நேரமெல்லாம் அண்ணை வேறு யாருக்கோ விநாடி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பா, ஐ ஆம் ஃபினிஷ்ட்," என்றாள் ஆரணி. கண் நிறைந்திருந்தது.

நான் ஸ்டூடியோப் படிகளில் மூச்சு வாங்க ஏறினேன்.

"அண்ணை, மூண்டு நிமிசம்தானே கேட்டவை!"

"மூண்டு நிமிசத்தில பிள்ளையாருக்குத் தேங்காயே உடைச்சு முடியாது."

"மற்றப் பிள்ளையளையெண்டாலும் வெட்டிவிடுங்கோ."

"ஏலாது. அந்தப் பிள்ளையளுக்கும் தாய் தேப்பன் இருக்கினம். வேணுமெண்டால் அமெரிக்காவை வெட்டிவிடும்."

வீட்டுக்கு வந்து தோல்வியை அறிவித்தேன். ஆரணி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ஃபைன். அப்படியே அனுப்புறன். வேண்டாமெண்டு சொல்லுறதெண்டால் முழுசாப் பாத்திட்டுச் சொல்லட்டும்."

தாமரையோடு அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளர் வீடியோ அழைப்பில் வந்தார். நாற்பத்தேழு நிமிடமும் பார்த்தாராம். "எல்லோரும் பந்து கூடையில் விழுவதை அனுப்புகிறார்கள். இதில் யார் முகத்தைக் காட்டினாலும் பின்னால் நீ ஓடிக்கொண்டிருக்கிறாய். உன் அணி பந்தை இழக்கும்போதெல்லாம் உங்கள் கூடையைக் காக்க முதலில் திரும்பி ஓடுவது நீதான். பெஞ்சில் இருந்தபோதும் ஆடுகிறவர்களுக்குக் குரல் கொடுத்து உன் வாய் ஓயவில்லை. இதை யாரும் எனக்குக் காட்டுவதில்லை," என்றார். இன்னொரு போட்டியும் முழுதாகக் கேட்டார். கடைசியில் தயங்கித் தயங்கி, அந்தப் பூவைப் பற்றி விசாரித்தார்.

"தட்ஸ் நொன்-நெகோஷியபிள், கோச்," என்றாள் என் மகள்.

இரண்டு வாரத்தில் அணியில் இடம் என்று கடிதம் வந்தது. அண்ணையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அந்த அம்மாவுக்கு என்ன பிடிச்சதாம்? தாமரையோ?"

"ஓம் அண்ணை. தாமரைதான்."

ஆகஸ்டில் ஆரணியை வழியனுப்ப ஹீத்ரோவுக்குப் போனபோது, யாரும் அழைக்காமலே அண்ணையும் வந்தார். ஆரணி தள்ளிய பெட்டி வண்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து, இரண்டு பயணிகளையும் ஒரு குப்பைத் தொட்டியையும் இடித்தார். அக்கா மூக்கைச் சிந்தியதற்கு மூன்று விநாடி கொடுத்தார். ஆரணி கையசைத்து உள்ளே மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: இத்தனை வருடப் படங்களில் ஒன்றில்கூட இந்த மனிதர் இல்லை.

கட்டைவிரலைக் கவனமாக ஒதுக்கிக்கொண்டு என் போனைத் தூக்கினேன்.

"என்னை ஏன் எடுக்கிறீர்? வெளிச்சம் பிழை!" என்று கையால் முகத்தை மறைத்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். சட்டப்படி அது போதும். நான் நிறுத்தவில்லை.