பொத்தானில் வந்த மோர்க்குழம்பு

இந்த மும்பையில் எழுத்தை எதோடும் நிரந்தரமாக ஒட்டவிடாத ஒரே மனிதர் எங்கள் 'தனிஃபைல்' சார்தான்.

செம்பூரில் மொபைல் ஆப் செய்யும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. அவர் புரோகிராமர். நான் தாராவிக்காரி, பத்தாவது படித்துவிட்டுத் தமிழ் டைப் செய்யச் சேர்ந்தவள். புரோகிராமுக்குள் யாராவது 'ஓகே' என்று எழுதிவிட்டால்கூட அவருக்கு மூச்சு வாங்கும். திரையில் வரும் வார்த்தைகளெல்லாம் மொழிக்கொரு தனி ஃபைலில் இருக்க வேண்டும். புரோகிராம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அரே பாபா, செவுத்துல ஆணி மட்டும் அடி. காலண்டரைப் பெயிண்ட்ல வரையாதே. ஜனவரிக்கு ஜனவரி செவுத்தை இடிப்பியோ?" என்பார்.

மாட்டுங்காவில் அவர் வீட்டுச் சமையலறையிலும் இதே சட்டம். டப்பாக்களில் வெறும் எண்கள்; எதில் என்ன என்று சொல்லும் தாள் கதவில். அவர் மனைவி, எங்களுக்கு மாமி, நெருளில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் தாள் பறந்துவிட, பெருங்காயக் காபி குடித்துவிட்டு ஆபீஸ் வந்தார். "டிசைன்ல தப்பில்லை. ஃபைல்தான் காணலை" என்றார்.

தாராவியில் தண்ணீர் கேன் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு ஆப் செய்தோம். தமிழ்த் திரை அவருக்குப் பிடித்தால்தான் என் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தமிழ் வார்த்தைகள் நீளம். பொத்தானில் அடங்குமா என்று பார்க்க, சார் ஒரு சோதனை ஃபைலில் வாய்க்கு வந்ததை நீட்டி எழுதி வைப்பார். வாய்க்கு வருவது எப்போதும் மாமியின் சமையல்தான்.

அண்ணாச்சி வந்து திரையைத் தொட்டார். ஆர்டர் பொத்தானில் கொட்டை எழுத்தில், 'நேற்று வைத்த மோர்க்குழம்பை இன்றும் ஊற்றினால் நான் எங்கே போவேன்' என்று இருந்தது.

"நான் தண்ணில்லா விக்கேன். இது யாரு வீட்டுக் கொழம்பு?" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். தமிழ் என்றால் நான்தானே. நான் எழுதித் தந்த ஃபைலுக்குப் பதிலாகச் சோதனை ஃபைல் ஏறியிருந்தது.

சார் எழுந்தார். "எங்காத்துக் கொழம்புதான் அண்ணாச்சி. இந்தப் பொண்ணு எழுதினது சரியா இருக்கு. காலண்டரை மாத்தி மாட்டினவன் நான்."

ஆணியை அசைக்காமல் என் ஃபைலை மாட்டினார். பொத்தானில் 'தண்ணீர் வேண்டும்' வந்தது. அண்ணாச்சி தன் கடைக்கே ஒரு கேன் ஆர்டர் போட்டுப் பார்த்துச் சிரித்தார். என் வேலை நிலைத்தது.

சார் ரிட்டயராகிவிட்டார். இனி எந்தத் திரையிலும் வராத அந்தச் சோதனை ஃபைல் இன்னும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. வேண்டாத ஃபைல்களை அழிப்பது இப்போது என் பொறுப்பு. அதன் முறை வரும்போது மட்டும் எனக்கு டீ குடிக்கப் போகத் தோன்றிவிடும்.